பதினாறு வயதும் 226 கிலோமீட்டரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)



ஆண்டு மலரில் விளையாட்டைப் பற்றி எழுத வருவோர் பெரும்பாலும் ‘விளையாட்டின் பயன்கள்’ என்று தலைப்பிட்டு, உடல்நலம், ஒற்றுமை, விட்டுக்கொடுக்கும் பண்பு என்று மூன்று பத்திகளில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படி எழுதியிருந்தால் எவருக்கும் மனத்தாங்கல் இராது. ஆனால் இம்முறை ஒரு வழக்கை உங்கள் முன்னே வைக்க விரும்புகிறேன். இருபது வயது நிரம்பாத பிள்ளைகள் நெடுந்தூர டிரையத்லான் போட்டிகளில் இறங்கலாமா, கூடாதா? கூடாது என்பது என் கட்சி. பதினெட்டு நிரம்பாதவர் அறவே கூடாது. பதினெட்டும் பத்தொன்பதும் ஆனவர்கள் கூடுமானவரை பொறுத்திருக்க வேண்டும். ‘இது ஹவாய்த் தீவுக்காரர்களின் கவலை, நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கவலை எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டி. அதில் பல அளவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் சேர்க்கப்பட்டது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதியாக 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்று ஒரு குறுந்தூர வகையும் உண்டு. இவற்றோடு எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் ‘அயர்ன்மேன்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்த நெடுந்தூரத்தோடுதான். 3.8 கிலோமீட்டர் கடலிலோ ஏரியிலோ நீந்தி, கரையேறி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி, 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். கூட்டினால் 226. மதுரையில் புறப்பட்டவன் வழியில் எங்கும் உட்காராமல் கோயம்புத்தூருக்குச் சென்று சேர்வதைப் போல. பதினேழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

இது தோன்றிய விதம் வேடிக்கையானது. ஹவாயில் நீச்சல்காரர், ஓட்டக்காரர், சைக்கிள்காரர் ஆகியோருள் உடல்வலிமையில் மிக்கவர் யார் என்று ஒரு வாக்குவாதம். அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் என்பவர், அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக வழங்கிவந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கோத்து, ‘மூன்றையும் ஒரே நாளில் முடிப்பவனே இரும்பு மனிதன்’ என்றார். 1978 பிப்ரவரி 18 அன்று பதினைந்து பேர் இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு ஏறத்தாழப் பதினொன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆக, இந்தத் தூரத்தை எந்த மருத்துவரும் கணக்கிட்டுச் சொல்லவில்லை. எந்த உடலியல் நூலிலிருந்தும் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கிடைத்த மூன்று பந்தயங்களின் கூட்டுத்தொகை அது, அவ்வளவே! வளர்ந்த ஆண்கள் தங்களுக்குள் விட்ட சவால். அந்தச் சவாலின் அளவைப் பதினாறு வயதுப் பையன் ஏதோ இயற்கை விதித்த எல்லைக்கோடு போல எண்ணிக்கொண்டு ஏங்குகிறான் என்பதுதான் எனக்கு வியப்பு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1982 பிப்ரவரியில், ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி இப்போட்டியில் இறங்கினார். நம்மைப்போல அவரும் ஒரு பட்டப்படிப்பு மாணவி; உடலியக்கவியலில் ஆய்வேடு எழுதுவதற்காகத் தன் உடலையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். (நமக்குத் தவளையோடு முடிந்துவிடுகிறது!) முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவர், முடிவுக்கோட்டை நெருங்கும்போது கால்கள் துவண்டு விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். கடைசிச் சில கெஜங்களில் இன்னொரு பெண் அவரைக் கடந்துபோய் வெற்றி பெற்றுவிட, இவர் கைகளை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்கா உருகியது. அந்த ஆட்டம் உலகம் முழுதும் பரவியதற்கு அந்தக் காட்சி ஒரு பெருங்காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், வென்றவரின் படம் அல்ல, விழுந்தவரின் படமே விளம்பரமாயிற்று. இன்று என் தம்பியின் வயதுப் பிள்ளைகள் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அத்தகைய காட்சிகளைத்தான். ‘விழுந்தாலும் விடாதே’ என்பது கேட்க இனிய சொல். அதைச் சொல்கிறவன் யார், யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்பதையும் நாம் பார்க்க வேண்டாமா?

அறிவியல் மாணவன் என்ற முறையில் இங்கே நேர்மையாக இருக்கக் கடமைப்பட்டுள்ளேன். என் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் சில காரணங்கள் நிற்கமாட்டா. ‘பிள்ளைகள் செத்துப்போவார்கள்’ என்பது முதல் காரணம். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் மாரடைப்புகளையும் திரட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். மொத்தம் 135 பேர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீச்சலின்போதே ஆபத்து நேர்ந்தது. ஆனால் அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 47. அஞ்ச வேண்டியவர்கள் அப்பாக்களே தவிரப் பிள்ளைகள் அல்லர்! அதேபோல, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடக்கும் ட்வின் சிட்டீஸ் மாரத்தானில் 1982 முதல் 2007 வரை ஏழு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட 310 பேர் முழு மாரத்தானை முடித்திருக்கிறார்கள். பந்தய நாளில் மருத்துவ உதவியை நாடியவர்கள் நான்கே பேர். ‘சிறுவர்களின் உடல் வெப்பத்தைத் தாங்காது’ என்பது இன்னொரு காரணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே முன்பு அப்படித்தான் சொல்லிவந்தது. 2011-இல், போதிய நீரும் ஓய்வும் இருந்தால் சிறுவர்கள் பெரியவர்களைவிடப் பெரிதும் பின்தங்குவதில்லை என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டது. ஆகவே, மரண பயத்தைக் காட்டி இந்த வழக்கை வெல்ல நான் விரும்பவில்லை. எதிர்க்கட்சி வழக்கறிஞர் ஒருவர் புள்ளிவிவரத்தோடு எழுந்தால் நம் வாய் அடைத்துப்போகும்.

அப்படியானால் என் காரணம் என்ன? போட்டி நாள் அல்ல என் கவலை. அதற்கு முந்தைய முந்நூறு நாட்கள். 226 கிலோமீட்டருக்கு ஆயத்தமாகிறவன் வாரத்துக்குப் பத்து, பதினைந்து மணி நேரம், சிலர் அதற்கும் மேலாக, மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். அது எந்த வயதில் நடக்கிறது? நீண்ட எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடுகள் இருப்பதை முதலாண்டிலேயே படித்தோம். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினான்கிலிருந்து பதினாறுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டொரு ஆண்டு பின்னும்தான் அவை மூடி எலும்பாகின்றன. அதுவரை மூட்டின் மிக மென்மையான பகுதி அதுதான். ஒரு நாள் ஓடினால் ஒன்றும் ஆகாது. ஒரே அசைவை ஆயிரம் ஆயிரம் முறை, நாள் தவறாமல், வலியைப் பொறுத்துக்கொண்டு செய்தால்தான் கேடு. முழங்காலுக்குக் கீழே புடைப்பும் வலியுமாக வந்து உட்காரும் பள்ளி ஓட்டக்காரர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மேலும், ஒரு மனிதன் தன் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பு நிறையில் சுமார் 90 விழுக்காடு பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேமிப்புக் காலத்தில் வரவைவிடச் செலவு மிகுந்தால் பின்னாளில் ஈடுசெய்வது கடினம்.

வரவு என்றதும் சோறு நினைவுக்கு வருகிறது. நெடுந்தூர டிரையத்லான் ஒன்றை முடிக்க எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கலோரி வரை செலவாகலாம் என்று கணக்கிடுகிறார்கள். தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்துவைக்கும் கிளைக்கோஜன் ஏறத்தாழ இரண்டாயிரம் கலோரிக்குத்தான் காணும். மிச்சத்துக்குக் கொழுப்பு கரைய வேண்டும்; வழியெல்லாம் தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் போக வேண்டும். பயிற்சி நாட்களிலும் அதே கதைதான். உண்பது போதாமல் உழைப்பு மட்டும் மிகுந்தால், உடல் சிக்கனத்தில் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு மெலியும், ஆண்களுக்கும் இயக்குநீர்கள் குறையும். 2014-இல் உலக ஒலிம்பிக் குழுவே இதற்கென ஒரு பெயரிட்டு எச்சரிக்கை விடுத்தது. இது முட்டையும் பாலும் இறைச்சியும் மேசையில் காத்திருக்கும் நாடுகளில் விடப்பட்ட எச்சரிக்கை. நம் நிலை என்ன? 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை. இரத்தத்தில் இரும்பு இல்லாத பிள்ளையை இரும்பு மனிதனாகு என்பது எவ்வளவு பெரிய கேலி!

சரி, ‘குற்றாலீஸ்வரன் நீந்தவில்லையா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். விடுதியில் இந்தப் பேச்சை எடுத்தபோது முதலில் எழுந்த கேள்வியே அதுதான். எனக்கு மிகக் கடினமான கேள்வியும் அதுதான். ஈரோட்டில் பிறந்த அச்சிறுவர் 1994-இல், பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டு ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு கடல்வழிகளை நீந்தி, 1966-இல் ஐந்தை நீந்திய மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருதும் பெற்றார். தமிழ்நாடே தலைநிமிர்ந்தது. அதை யார் மறுக்க முடியும்? ஆனால் அதற்குப் பிறகு? நீச்சலைத் தொடரப் பொருளுதவி போதாமல், அவர் படிப்பின் பக்கம் திரும்பினார். பொறியியல் பயின்று அமெரிக்கா சென்றார். பன்னிரண்டு வயதில் கொண்டாடிய கைகள் பதினெட்டு வயதில் எங்கே போயின? சிறு பிள்ளை பெருந்தூரம் செல்வதைக் காண்பதில்தான் நமக்கு இன்பம். பிள்ளை வளர்ந்து ஆளானதும் அது வேடிக்கையாக இருப்பதில்லை போலும்.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர்களுள் வயதில் மிக இளையவர் டாம் கிரிகோரி என்ற ஆங்கிலச் சிறுவர். 1988 செப்டம்பரில், பன்னிரண்டு வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் நீந்தினார். அந்தச் சாதனை இன்றளவும் நிற்கிறது. காரணம், வேறெவராலும் முடியாது என்பதன்று. கால்வாய் நீச்சலை மேற்பார்க்கும் அமைப்புகள் பின்னாளில் பதினாறு வயது நிரம்பாதவரை அனுமதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டன. அயர்ன்மேன் போட்டிகளிலும் பதினெட்டு நிரம்பாதவருக்கு இடமில்லை. ஆக, இந்தப் போட்டிகளை நடத்தி அதிலே பணம் பார்ப்பவர்களே வேலி கட்டிவிட்டார்கள். வேலியே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் புதியா சிங் சான்று. 2006 மே மாதம், நான்கு வயதுக் குழந்தை, பூரியிலிருந்து புவனேசுவரத்தை நோக்கி 65 கிலோமீட்டர் ஓடியது! ஏழு மணி நேரம்! சாலையோரம் நின்று கைதட்டியவர்கள் எத்தனை பேர்! பிறகு அரசு தலையிட்டு நெடுந்தூர ஓட்டத்தைத் தடைசெய்து, சிறுவனை விளையாட்டு விடுதியில் சேர்த்தது. அந்தப் பிள்ளையைப் பற்றித் திரைப்படம் வந்தது. ஒலிம்பிக்கில் ஓடுவான் என்றார்கள், அது நடக்கவில்லை. வறுமை, ஒரு பயிற்சியாளரின் பேராசையோ பேரன்போ, ஊராரின் கைதட்டல் ஆகிய இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு குழந்தையின் கால்கள் அதற்குச் சொந்தமாக இருப்பதில்லை.

இப்போது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறேன். என் தம்பி பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். கிணற்றில் குதித்தான் என்றால் மதியச் சோற்றுக்குக் கூப்பிட்டால்தான் ஏறுவான். அரசு தந்த இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகவர நாளும் பதினெட்டுக் கிலோமீட்டர் மிதிக்கிறான். வட்டார அளவில் மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் இடம் வாங்கினான். இதையெல்லாம் கேள்விப்பட்டு, நகரத்திலிருந்து ஒருவர் சென்ற பங்குனியில் எங்கள் வீடு தேடி வந்தார். ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தின் பெயரைச் சொன்னார். வாய்க்காலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 21 கிலோமீட்டர் ஓட்டம். ‘இந்த வயதில் இதை முடித்த முதல் கிராமத்து மாணவன்’ என்று சான்றிதழ், கேடயம், மேடை, மாலை, செய்தித்தாளில் படம். சித்திரையில் நடத்தலாம் என்றார். எல்லாவற்றுக்கும் நாற்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும்.

எங்கள் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வந்தவர் போனதும் அப்பா என்னைப் பார்த்து, “நீ படிச்சவன். இது நல்லதா கெட்டதா, நீயே சொல்லுப்பா” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. காதில் கிடந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தம்பி மட்டும், “அண்ணே, என்னால முடியும்ணே. ஒரு தடவை விட்டுப் பாருங்க” என்றான். அவனால் முடியாது என்று நான் நினைக்கவே இல்லை. முடித்திருப்பான், அதுதான் அச்சமே. முடித்தபின் அடுத்த ஆண்டு இன்னும் நீண்ட தூரத்தோடு அதே மனிதர் அதே திண்ணைக்கு வருவார்.

நான் கேட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை. கிராமத்து மாணவர்களுக்கென்று தனியே பதிவேடு யார் வைத்திருக்கிறார்கள்? வழியில் பையன் மயங்கினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? மருத்துவர் யார்? இந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர முடியுமா? கடைசிக் கேள்வியை நம் கல்லூரி அலுவலகத்திலும், விவரம் அறிந்த இரண்டு பேரிடமும் கேட்டேன். முடியாது. அங்கீகாரம் பெற்ற விளையாட்டுச் சங்கங்கள் நடத்தும் மாவட்ட, மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். காசு கட்டி வாங்கும் கேடயம் வீட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். எங்கள் வீட்டில் அதற்கும் ஆணி நிற்காது, மண்சுவர். நாற்பதாயிரம் கட்டவில்லை. தம்பி என்னோடு முகம் கொடுத்துப் பேசி நெடுநாள் ஆகிறது. ‘நீ மட்டும் படிச்சு முன்னுக்கு வந்துட்ட, நான் வரக்கூடாதா?’ என்று அம்மாவிடம் சொன்னானாம். அந்தச் சொல் எனக்குத் தைத்தது. ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை.

இந்த இடத்தில், நம் வகுப்பு நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியைச் சொல்லாவிட்டால் என் வழக்கு முழுமையாகாது. “நம்ம ஊர்ல பதினேழு வயசுப் பொண்ணு மில்லுல எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை செய்யுது. பதினாறு வயசுப் பையன் லாரியில மூட்டை ஏத்துறான். அதுக்கெல்லாம் ஆண்டு மலர்ல யாரும் கட்டுரை எழுதல. காசுள்ளவன் விளையாட்டுக்கு மட்டும் எலும்பு, வளர்ச்சின்னு பேச வந்துட்டியா?” என்றார். நியாயமான கேள்வி. என் அப்பாவே பதினான்கு வயதில் சூளையில் செங்கல் சுமந்தவர். ஐம்பதைத் தொடுமுன்னே மாடிப்படி ஏற முழங்காலைப் பிடிக்கிறார். அவருக்கு யாரும் பதக்கம் அணிவிக்கவில்லை. ஆனால் நண்பரே, அந்த முழங்காலைத் தினமும் பார்க்கிறவன் என்பதால்தான் நான் பேசுகிறேன். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குத் தாங்கும் சக்தி உண்டு, எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குவான் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் கூலியைக் குறைத்தார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இப்போது சாதனை என்று கூட்டிப் போக வருகிறார்கள். தாங்குகிறான் என்பதற்காக ஏற்றிக்கொண்டே போவது மாட்டுக்கும் அநியாயம்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சியையும் நானே அழைக்கிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓர் ஆசிரியர் தம் பள்ளியின் ஏழை மாணவர்களை மாரத்தானுக்குப் பழக்கத் தொடங்கினார். அந்த முயற்சி 1989 முதல் ‘ஸ்டூடன்ட்ஸ் ரன் எல்.ஏ.’ என்ற பெயரில் வளர்ந்து, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களை 42 கிலோமீட்டர் ஓடவைக்கிறது. தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் முடித்துவிடுகிறார்கள். பள்ளியை விட்டு நின்றுவிடுவார்கள் என்று எண்ணப்பட்ட பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தார்கள். இதைப் படித்தபோது என் கட்சி சற்று ஆடிப்போயிற்று. பிறகு விவரத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் படிப்படியாகத் தூரத்தைக் கூட்டுகிறார்கள். மாணவனிடம் பணம் வாங்குவதில்லை; காலணியையும் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர்களும் கூடவே ஓடுகிறார்கள்! கரையில் நின்று கைதட்டுகிறவன் அல்ல, பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவன் ‘போதும், உட்கார்’ என்று சொல்லும்போது பிள்ளை கேட்கிறான். எங்கள் வாய்க்கால் திட்டத்தில் அந்த நகரத்துக்காரர் ஒரு கிலோமீட்டராவது நீந்துவதாக இருந்தாரா என்று நான் கேட்காமல் விட்டேன். (அவருடைய உடல்வாகைப் பார்த்தால் கேட்பது மரியாதையாக இராது என்று தோன்றியது.)

பொறுத்திருப்பதால் இழப்பதும் ஒன்றுமில்லை. இந்த நெடுந்தூர ஆட்டத்தில் முன்னணியில் நின்றவர்களைப் பாருங்கள். ஜெர்மனியின் யான் ஃபிரோடெனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குறுந்தூரத்தில் தங்கம் வாங்கி, ஏழு ஆண்டுகள் கழித்து, முப்பத்து நான்கு வயதில்தான் ஹவாயில் முதன்முதலாக வென்றார். நார்வேயின் கிறிஸ்தியன் புளுமென்ஃபெல்ட் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகே, இருபத்தேழு வயதில், முதல் முழு நெடுந்தூரப் போட்டியில் இறங்கினார். நம் நாட்டு நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல் சூரிக்கில் இதை முடித்தபோது அவருக்கு ஐம்பதாகச் சில மாதங்களே இருந்தன. ஐம்பதில் செய்யக்கூடியதைப் பதினாறில் செய்துவிட வேண்டுமென்று என்ன அவசரம்? வேகம்தான் இளமையின் சொத்து. 400 மீட்டரும் 1500 மீட்டரும் காத்திருக்கமாட்டா. 226 கிலோமீட்டர் காத்திருக்கும். குறுந்தூர டிரையத்லானுக்கு நம் தேசிய விளையாட்டுப் போட்டியிலும், 2006 முதல் ஆசிய விளையாட்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. அதற்குச் செல்லும் வழி மாவட்டச் சங்கத்தின் வழியாக, மெதுவாக, மாலையின்றி மேடையின்றிப் போகிறது. அந்த வழியைத் தம்பிக்குக் காட்ட எனக்கு இரண்டு மாதம் விசாரிக்க வேண்டியிருந்தது. நகரத்துக்காரருக்கு எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போதுமாயிருந்தது. அரசும் சங்கங்களும் கவனிக்க வேண்டிய இடம் இது.

பதினெட்டும் பத்தொன்பதும் ஆன முதலாண்டு நண்பர்களுக்கு ஒரு சொல். சட்டப்படி நீங்கள் பெரியவர்கள், வாக்களிக்கிறீர்கள், உங்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. போட்டி விதிகளும் உங்களைத் தடுப்பதில்லை. ஆனால் ஒன்றைச் செய்யுங்கள். இறங்குமுன், உங்களை இறங்கச் சொல்கிறவர் முன்னிலையில் ஒரு முறை ‘மாட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். சிரித்துக்கொண்டே ‘சரி, அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்பாரானால் அவரை நம்பலாம்.

கடைசியாக, நம் உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் விளையாட்டு விழாவில் ஓட்டமும் சைக்கிளும் கலந்த ஒரு போட்டியைச் சேர்க்க வேண்டுகிறேன். மூன்று கிலோமீட்டர் ஓட்டம், பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள், மீண்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டம். கியர் வண்டிக்கு அனுமதி இல்லை. அரசு தந்த இலவச சைக்கிளே போதும். பக்கத்துப் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு இதில் பாதித் தூரத்தில் தனிப் பிரிவு வைக்க வேண்டும். கட்டணம் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியரை வரவழைத்து, அவர் கையைத் தூக்கினால் ஓடுகிறவர் நின்றே ஆக வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். பேராசிரியர்களில் இரண்டொருவராவது கூட ஓடினால் மாணவர்கள் மிகவும் மகிழ்வோம். நீச்சலைச் சேர்க்க முடியாமைக்குக் காரணம் நீங்கள் அறிந்ததே. கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் கண்மாய் முழுதும் ஆகாயத்தாமரை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அதை அப்புறப்படுத்துவதாக மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நானும் அத்திட்டத்தில் இருக்கிறேன். தைக்குள் எடுத்துவிட்டால் நாநூறு மீட்டர் நீச்சலையும் சேர்த்துக்கொள்ளலாம்.